மூச்சு வாங்கிய இடங்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. போன் அடித்தால் எடுக்கிறாய், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது, பிறகு வைத்துவிடுகிறாய். தொண்டையில் ஆபரேஷன் ஆனவனை நான் பாட்டா பாடச் சொன்னேன்? பேச்சு வரும், சத்தம்தான் வராது என்று டாக்டர் சொன்னதாக நீதானே எழுதினாய். கிசுகிசுவென்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போதாதா?

உங்கள் ஊர்க் கலவரத்தை டிவியில் காட்டும்போதெல்லாம் உன் தெரு தெரிகிறதா என்று தேடுகிறேன். பேசாமல் இங்கே வந்துவிடு. சின்ன அறையில் என் தையல் மெஷினை நகர்த்திவிட்டு உனக்குக் கட்டில் போட்டாயிற்று. வருகிறேன் என்று ஒரு வரி எழுது, அத்தான் டிக்கெட் போட்டுவிடுவார். தினமும் உனக்காக ஜெபம் பண்ணுகிறேன். சிரிக்காதே.

உன் அக்கா

பிப்ரவரி 17

அக்காவின் கனிவான கவனத்திற்கு,

உன் தம்பி என்னும் வண்டி காலவரையின்றித் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. தடங்கலுக்கு வருந்துகிறோம்.

இத்தனை வருடம் ரயில்வே ஸ்டேஷன் மைக் முன்னால் உட்கார்ந்த வாய்க்கு வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் கடையில் வாயைத் திறந்தாலே, "சார், ஸ்டேஷன்ல அறிவிப்பு கொடுக்கிறது நீங்கதானே?" என்று கேட்பார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமையாக இருக்கும். போன வாரம் ரொட்டிக் கடையில் நான் கேட்டது கடைக்காரர் காதில் விழவில்லை. "என்னய்யா முனகுற, சத்தமா சொல்லு" என்றார். ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு, கலவரத்துக்காகப் போட்ட இந்த ஊரடங்கு எனக்கு ஒரு சௌகரியம். கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அங்கே வந்து மட்டும் என்ன செய்வேன்? குரல் போன பிறகு நான் யார் என்றே தெரியவில்லை, அக்கா. இதை வேடிக்கையாக எழுதவில்லை. நீ ஜெபம் பண்ணு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் ஆபரேஷனுக்கு முன்னால் முயன்று பார்த்தேன். அந்தப் பக்கம் யாரும் போனை எடுப்பதாகத் தெரியவில்லை.

தம்பி
(முன்னாள் குரல்)

பிப்ரவரி 28

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கொஞ்சம் அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லையா? நான் போன் அடிக்கும்போது நீ எடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாயே, அதுபோல் அவரும் எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாதா? உனக்கு ஒரு நியாயம், கடவுளுக்கு ஒரு நியாயமா?

நீ யார் என்று தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். மற்றக் குழந்தைகள் எல்லாம் கோவிலே அதிரக் கத்தின. தலையில் தண்ணீர் விழுந்தும் நீ ஒரு சத்தம் போடவில்லை. வாயே திறக்காத அந்தப் பிள்ளையைத்தான் கடவுளின் பிள்ளை என்று ஃபாதர் சொன்னார். ஸ்டேஷன், மைக், பெருமை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரடங்கைத் தளர்த்துகிறார்களாமே. எனக்காக ஒரு தடவை பூசைக்குப் போய்விட்டு வா. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி. நீ பதில் சொல்வதற்குக் காத்திராமல் மார்ச் கடைசிக்கு அத்தான் டிக்கெட் போட்டுவிட்டார். துணிமணிகளை எடுத்துவைக்க ஆரம்பி.

உன் அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. கோபித்துக்கொண்டு கடிதத்தைக் கிழிக்காதே, முழுவதும் படி.

போன ஞாயிறு கோவிலுக்குப் போனேன், உன் நச்சரிப்பு தாங்காமல்தான். கலவரம் கோவிலுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு தரப்பு வலப்பக்கச் சுவரோரம், மற்றவர்கள் இடப்பக்கச் சுவரோரம். முன்னால் உள்ள பெஞ்சுகள் காலி. ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கரண்ட் வேறு இல்லை. வழக்கமாக பைபிள் வாசகம் வாசிக்கும் டீச்சரை போலீஸ் தடுப்பு தாண்டி வர விடவில்லை. ஃபாதர் நேரே கடைசி பெஞ்சுக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"நீங்க வாசிங்க."

"ஃபாதர், எனக்குச் சத்தம் வராது."

"மைக்கும்தான் வராது. எழுந்து வாங்க."

போய் நின்றேன். முதல் வரியை வாசித்ததும் பின்னாலிருந்து யாரோ, "ஒண்ணுமே கேக்கலையே" என்றார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ரொட்டிக் கடை ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு இறங்கத்தான் நினைத்தேன். அப்போது வலப்பக்கம் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்து வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடப்பக்கத்திலிருந்து லாரி ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோருமே. கிடைத்த இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கடைகள் எரிந்த நாளிலிருந்து முகம் பார்க்காதவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்தார்கள்.

இனி நடந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். எனக்கு ஒரு வரிக்கு ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டும். பூசையில் ஜெபங்களை எடுத்துக் கொடுக்கும் எங்கள் கோவில் உபதேசியாருக்குக் காது மந்தம். நான் நிறுத்தியதும் வாசகம் முடிந்துவிட்டது என்று நினைத்து, "இறைவா, உமக்கு நன்றி" என்று உரக்கச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் எல்லோரும் சொல்வார்கள் இல்லையா, சொன்னார்கள். அடுத்த மூச்சுக்கும் நன்றி. அதற்கடுத்த மூச்சுக்கும் நன்றி. நாலைந்து தடவைக்குப் பிறகு தவறு என்று தெரிந்தும் யாரும் நிறுத்தவில்லை. ஃபாதரும் சேர்ந்து சொன்னார். எங்கே என்னால் முடியவில்லையோ, சரியாக அங்கே வந்து நன்றி சொன்னார்கள், அக்கா.

அங்கே நின்றபோது எனக்கு ஒன்று புரிந்தது. குரல்தான் நான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். கடவுள் என்னிடம் குரலைக் கேட்கவே இல்லை. வா என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார். மனசு அப்படி அடங்கி எத்தனையோ காலமாகிறது. வெளியே வந்தால் தெருவில் அதே தடுப்பு, அதே போலீஸ். எனக்குப் பயமாக இல்லை.

ஃபாதர் இனி ஞாயிறுதோறும் நான்தான் என்று சொல்லிவிட்டார். கரண்ட் வந்தாலும் மைக் போடப் போவதில்லையாம். ஸ்டேஷனில் பார்சல் ஆபீசுக்கு ஆள் கேட்டிருந்தார்கள், அங்கே சேர்ந்துவிட்டேன். இந்த ஊரை விட்டு வர இப்போது மனமில்லை. உன் கட்டிலில் படுக்கக் கொடுத்துவைக்கவில்லை. நீ என்னை விட்டுவிடாமல் எழுதிக்கொண்டே இருந்தாயே, அதற்கு நன்றி.

உன் தம்பி

மார்ச் 30

என் அருமைத் தம்பிக்கு,

டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. அத்தான் கொஞ்சம் முணுமுணுத்தார், கண்டுகொள்ளாதே. நானும் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். உன்னைக் கண்ணெதிரில் வைத்துச் சோறு போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். இப்போது ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடியவில்லை.

நேற்று நீயாகவே போன் செய்தாய். காற்றுபோலத்தான் இருந்தது உன் பேச்சு. ஆனால் ஒரு எழுத்தைக்கூட நான் தவறவிடவில்லை. நீ மூச்சு வாங்கியபோதெல்லாம் குறுக்கே பேசாமல் இருந்தேன். நான் போனில் இவ்வளவு நேரம் சும்மா இருக்கிறேனே என்று, உடம்பு சரியில்லையோ என நினைத்து அத்தான் எழுந்து வந்து பார்த்தார்.

கடைசியில், "அக்கா, உனக்காக ஒரு ஜெபம் சொல்றேன்" என்றாய். என் கண் வலி, அத்தானின் முழங்கால், நாங்கள் பிள்ளையில்லாமல் இருக்கும் இந்த வீடு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொன்னாய். முடித்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துத்தான் வைத்திருப்பாய். கட்டாகவில்லை, தம்பி. எனக்குத்தான் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அப்போது சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஆமென்.

உன் அக்கா