பலாமுள் கணக்கு

14-7-1963, ஞாயிறு. தென்காசி.

வழவழப்பான ரப்பர் கண்ணாடியில் ஒட்டுகிறது. சொரசொரப்பாகத் தேய்த்தால் ஒட்டுவதில்லை. ஏன் என்று இரண்டு வருஷமாகக் கல்லூரி லேபில் அளக்கிறேன், பிடிபடவில்லை. கூட வேலை பார்க்கும் முருகையா இன்று ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, பழக்கடையில் என் நோட்டை வாங்கி ஒரு பலாப்பழத்தின் மேல் அழுத்தினான்.

"இங்கன பாருலே. ஒன் ரப்பரும் இப்படித்தான். குட்டை முள்ளு ஒட்டப் பாக்குது, நெட்டை முள்ளு தள்ளி விட்டுருது. அம்புட்டுதான்!"

ஒவ்வொரு முள்ளும் ஒரு ஸ்பிரிங் என்று வைத்துக்கொண்டு, ஈரக் கையோடு என் நோட்டிலேயே சமன்பாடும் எழுதிவிட்டான். "அண்ணாச்சிக்கு என்ன மூளை!" என்றாள் கூடவே நின்ற என் மனைவி. என்னை அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் கணக்கில் தப்புத் தேடி உட்கார்ந்தேன். கிடைத்தது. ஓரிடத்தில் கழித்தலுக்குப் பதில் கூட்டல் போட்டிருக்கிறான். குஷியாகப் பென்சிலால் திருத்தி, அந்தச் சமன்பாட்டை வரைபடத்தாளில் கோடாக வரைந்து பார்த்தேன். என் இரண்டு வருஷத்து அளவுகள் அத்தனையும் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

காலையில் தன் சமன்பாட்டை என் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நோட்டைக் கேட்டு வருவான். என் திருத்தத்தை அழித்துவிட்டேன். அவன் கூட்டல் குறி அப்படியே இருக்கிறது.