இருமல்: இல்லை

செவ்வாய்க் கிரகம், மூன்றாம் நிலையம். பதிபவர்: மீனலோசனி, பாறையியல் ஆய்வாளர், வயது 71.

நாள் 212, 09:10

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. அடுத்த கப்பல் வர நாற்பது நாள். அதுவரை இங்கே நான் மட்டும். என் வலது நுரையீரலில் ஒரு நிழல். புற்றுநோயா என்று பார்க்க, இயந்திரக் கை இன்று ஊசியால் சதை எடுக்கும். பூமியில் டாக்டர் எஸ்தர். ஒரு செய்தி போய்ச் சேரப் பதினொரு நிமிடம்.

அவள் செய்தி: “மேடம், ஊசி உள்ளே இருக்கும்போது இருமவே கூடாது. இருமிட்டா மறைக்காம சொல்லிடுங்க.”

என் பதில்: “கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம் பிரேயரில் இருமாமல் நின்றவள் நான்.”

10:05

முடிந்தது. எச்சிலில் லேசாக ரத்தம்; எதிர்பார்த்ததுதான். ஊசியின் உள்கம்பியை உருவிய கணத்தில் இருமல் வந்தது. ஒன்றே ஒன்று. படிவத்தில் ‘இருமல்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

10:31

நெஞ்சு இறுக்கம். எஸ்தருக்குத் தெரிவித்தேன். இடது கை மரத்திருக்கிறது. மடக்கிப் படுத்ததால் இருக்கும். அதைத் தெரிவிக்கவில்லை.

10:53

எஸ்தர்: “நுரையீரல்லேர்ந்து காத்து கொஞ்சம் கசிஞ்சிருக்கும் மேடம். இருமியிருந்தா ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்குமோன்னு பயந்திருப்பேன். நீங்கதான் பிரேயர் வீராங்கனையாச்சே! நிமிர்ந்து உட்காருங்க, மூச்சு லேசாகும்.”

உட்கார்ந்தேன்.

10:57

இடது பக்கம் எதுவும் தெரியவில்லை. கண் திறந்துதான் இருக்கிறது.

கையேடு சொல்கிறது: ‘மிக அரிது. ரத்தத்தில் புகுந்த காற்று மூளைக்கு ஏறும். உட்கார வைக்கக் கூடாது. உடனே அழுத்த அறை; அங்கே அழுத்தம் ஏற, ரத்தத்தில் உள்ள காற்றுக் குமிழ்கள் சுருங்கும்.’

படுத்துவிட்டேன். அனுப்பினேன்: “எஸ்தர், இருமினேன். பொய் எழுதினேன். வெட்கமாக இருந்தது.”

பதில் வர இருபத்திரண்டு நிமிடம். அதுவரை நான் இருப்பேனா? பயமாக இருக்கிறது. கணவர் இறந்த அன்றுகூட இப்படி எழுதியதில்லை.

11:09

இனி குரல் பதிவு. தவழ்ந்து அழுத்த அறைக்குள் வந்துவிட்டேன். இடது கால் கூட வர மறுக்கிறது. உண்மை போய்ச் சேருமுன் அவள் அனுப்பியது இப்போது ஒலிக்கிறது: “பரவாயில்லையா மேடம்? படுத்துடாதீங்க, என்ன?”

11:19

எஸ்தர் அழுகிறாள். “ஏன் மேடம்... சரி. சரி. அழுத்த அறைக்குப் போங்க. கதவைச் சாத்தி, ரெண்டு கையாலயும் ரெண்டு தாழையும் ஒரே நேரத்துல அழுத்துங்க. ஒண்ணு விட்டாலும் அழுத்தம் ஏறாது.”

சாத்தினேன். வலது தாழை அழுத்திக்கொண்டிருக்கிறேன். இடது தாழ் அப்படியே நிற்கிறது.

பக்கத்தில் தரையில் ஒரு கை கிடக்கிறது. சுருக்கம் விழுந்த கை. யாருடையது? இங்கே வேறு யாரும்... யாரம்மா நீ? கொஞ்சம் எழுந்து அந்தத் தாழை