முதலில் கதவு, அப்புறம் ஆள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான். பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மாமாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியது நான்தான். விலா எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டித்தான் தூக்கினோம். ஒரு முட்டு முட்டினால் இப்படி ஆகாது. திரும்பத் திரும்பக் குத்தியிருக்கிறது. "மாப்பிள்ளை, வாடா"ன்னு கொஞ்சி, எனக்கு ஒருநாளும் ஊட்டாத கையால் ஊட்டினாரே, அதே காளை.

நீயும் அவரும் வேலை பார்த்த மாட்டு ஆராய்ச்சி நிலையத்துப் பெரிய டாக்டர் வந்து, "ஈடு செய்ய முடியாத இழப்பும்மா" என்றார். புதுத் தடுப்பு மருந்து பலிக்கிறதா என்று பார்க்க, கோமாரி நோயை வேண்டுமென்றே ஏற்றிய காளையாம். ஏற்றியவருக்கு ஒரு கீறல் இல்லை.

அங்கே பெருக்குகிற அம்மா ஒன்று சொன்னாள். அவர் உள்ளே இருக்கும்போதே இரும்புக் கதவை வெளியிலிருந்து சாத்தியது நீதானாம். வாயிலேயே அறைந்துவிட்டேன். அறைந்தது நியாயந்தானே? எழுது.

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. சாத்தியது நான்தான்.

காளையின் வாய்ப்புண்ணைச் சோதனைக்குத் துடைத்தெடுக்கும்போது மூக்கணாங்கயிறு அறுந்தது. மாமா கொட்டகை மூலையில், காளை நடுவில், நான் வாசலில். நோய் ஏற்றிய மாடு அறுத்துக்கொண்டால் முதலில் கதவு, அப்புறம்தான் ஆள். மாமாவே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. "சாத்துடா! வெளிய போனா ஊர் மாடெல்லாம் போச்சு!" என்று கத்தினார். சாத்தினேன். காளை அவரைச் சுவரோடு வைத்துக் குத்தியது. அப்புறம் "திறடா, திறடா"ன்னார். இரண்டும் என் காதில் விழுந்தது அக்கா. மயக்க ஊசித் துப்பாக்கி வரும்வரை தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

காளையைக் கொன்று அறுத்துப் பார்த்தார்கள். மருந்து பலிக்கவில்லையாம். உடம்பு முழுக்க நோயாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

அந்த அம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். "போம்மா, எனக்கு வலிக்கல. உனக்குத்தான் வலிக்குது" என்றாள்.

நீ செய்தது சரி. பக்கத்து வீட்டுப் பசு அசை போடுவதைப் பார்க்கிறேன். பிள்ளைகள் குடிப்பது அதன் பால்தான். மறைக்காமல் எழுதினாய், அதுவும் சரி.

ஆனால் அவர் முதலில் கத்தியது ஊருக்காக. அப்புறம் கத்தியது எனக்காக, வீட்டுக்கு வரணும் என்று. ஊருக்காகச் சொன்னதைச் செய்தாய். எனக்காகச் சொன்னது காதில் விழுந்தும் திறக்காமல் நின்றாய்.

வராதே. நேற்று விறகு பிளந்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டையில் உன் முகம்தான். விறகு தீர்ந்தும் கை நிற்கவில்லை, வெறும் தரையை வெட்டிக்கொண்டிருந்தேன். பெரியவள் ஓடி வந்து கோடாலியைப் பிடுங்கினாள்.

நல்லா இரு. தூரமா இரு.

அக்கா