மோடத்தில் நான் போட்ட பூட்டு

செவ்வாய், இரவு

இன்று அண்ணனிடம் ஒன்றைச் சொல்லவில்லை. வீட்டு இணைய மோடத்தை உயர் அலைவரிசையை மட்டும் பிடிக்கும்படி பூட்டி வைத்தது நான்தான்.

என் இணைய வகுப்புக்கு வேகம் வேண்டும் என்று ஞாயிறன்று அப்படிச் செய்தேன். தாழ்ந்த அலைவரிசை மெதுவானது, ஆனால் செம்பனைகளைத் தாண்டி எங்கள் எஸ்டேட் வீடு வரை எப்படியும் வந்துவிடும். உயர்ந்தது வேகமானது, ஆனால் எளிதில் அறுந்துவிடும். பூட்டாமல் விட்டிருந்தால் மோடம் தானாகவே தாழ்ந்ததற்கு மாறியிருக்கும்.

வீட்டுக்குள் போனுக்கு லைன் கிடைக்காது. எல்லாம் கூரையில் ஆன்டெனா வைத்த மோடத்தின் வைஃபைதான். இன்று காலை மழையில் அது நின்றுவிட்டது, பிறகு வரவேயில்லை. நான் ஈப்போவில் வேலையில் இருந்தேன். அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்து, மாலை அண்ணன் வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

"மழை பேஞ்சா லைன் போயிடும்னா எதுக்கு லா விக்கிறானுங்க? கம்பெனிக்காரன சும்மா விடமாட்டேன்," என்றார் அண்ணன் மருத்துவமனையில். நான் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியது நானா என்று இப்போதும் நம்ப முடியவில்லை.

அம்மாவுக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்ததும் பூட்டை நீக்கினேன். உடனே இணைப்பு வந்தது. அம்மாவின் போன் சமையலறைத் தரையிலேயே கிடந்தது. காலையிலிருந்து அதில் போகாமல் நின்றிருந்த குரல் பதிவுகள் ஒவ்வொன்றாக என் போனுக்கு வந்தன. மொத்தம் ஆறு. முதலாவதைக் கேட்டேன்.

"கீழ விழுந்துட்டேம்மா. அவசரமில்ல, வேலை முடிஞ்சதும் கூப்பிடு."

மற்ற ஐந்தையும் இன்னும் திறக்கவில்லை.