மூன்று இல்லை, நாலு

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மகள் வளர்மதிக்கு ஒன்பதாம் மாதம். வேங்கிக்காலிலிருந்து வந்து அவள் வீட்டில் இருக்கிறேன், பத்து நாளாய். பேத்தி யாழினி ஸ்லேட்டில் என் பெயரை எழுதிவிட்டாள். நாலு வயசுதான்! ஒரே ஒரு எழுத்து தப்பு.

நர்ஸம்மா வந்தார், குடையோடு.

"எந்த ஆஸ்பத்திரின்னு முடிவு பண்ணீங்களா?"

"இங்கதான் சிஸ்டர். நானும் அவரும் மட்டும். வேற யாரும் தொட வேணாம்" என்றாள் வளர்.

நர்ஸம்மா கத்தவில்லை. "நாள் பௌர்ணமிய ஒட்டி வருது. செங்கம் ரோடு பூரா கிரிவலத்துக்கு ஜனம் நடக்கும். 108 எப்படிம்மா உள்ள வரும்?"

"யாழினி ஆஸ்பத்திரியிலதான் பொறந்தா. கத்துனேன்னு தொடையில அடிச்சாங்க. கேக்காமயே கீழ வெட்டுனாங்க. எங்கம்மா மூணு பேரையும் வீட்டுலயே பெத்தாங்க. நான்தான் தலைச்சன். வேணும்னா அவங்களையே கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன்.

ஒரு தாள். ஆஸ்பத்திரி வேண்டாமென்று நாங்களே சொன்னதாக. சாட்சி நான். மை டப்பாவை நீட்டினார். கைநாட்டா? அஞ்சாவது படித்தவள் நான். பேனாவை வாங்கி முழுப் பெயரும் போட்டேன்.

ஐப்பசி 4, செவ்வாய்

வாங்க வேண்டியது: விளக்கெண்ணெய், பழைய துணிக்குச் சோப்பு, சாக்பீஸ்.

தாளின் நகல் காலண்டர் ஆணியில். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தாயாரின் பிரசவங்கள்: 3. அனைத்தும் சுகம்.' கீழே என் பெயர், அழகாக.

வளருக்கு முன்னால் ஒன்று. வீட்டில்தான். தோள் மாட்டிக்கொண்டது. மாமியார் இழுத்தாள். வந்தது, அழவில்லை. எனக்கு ரத்தம் நிற்காமல் பால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததும் மாமியார் சொன்னது: "அத கணக்குல சேக்காத. அடுத்தது தலைச்சனா வரட்டும்."

சேர்க்கவில்லை. பிறகு மூன்றும் வீட்டில், சுகமாக. அதை மட்டும் பெருமையாகச் சொல்லிச் சொல்லி.

ஐப்பசி 6, வியாழன்

கீரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் சுகாதார நிலையம். நர்ஸம்மாவிடமும் டாக்டரம்மாவிடமும் சொன்னேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். "உங்க பொண்ணுக்கு அறிவு இல்ல?" என்றாள்.

"மேடம், இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அவ வர மாட்டேங்கறா" என்றார் நர்ஸம்மா.

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு, நீங்களே கூட நிக்கலாம்மா, கேக்காம யாரும் தொட மாட்டாங்க, நான் பாத்துக்கறேன் என்றாள்.

வாசல் வரை வந்த நர்ஸம்மா: "நாங்க நூறு சொன்னாலும் அவ காதுல ஏறாது. இத நீங்கதான் சொல்லணும்."

கீரை வாங்க மறந்துபோனேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

மழை இல்லை. வளர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாய் வாய் வரை வந்து நின்றது. இன்று சொல்லிவிட்டேன்.

கை நின்றது.

"அப்ப நான் தலைச்சன் இல்லியா?"

"இல்லடி."

"எத்தன தடவ கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சுகமா பெத்தேன்னுதான சொன்ன? அத நம்பித்தானம்மா இவ்ளோ தூரம் வந்தேன்."

மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கு.

விளக்கு வைக்கும் வரை அவள் உள்ளேயே படுத்திருந்தாள். கடலை பாதி உரித்தபடி கிடந்தது.

ஐப்பசி 10, திங்கள்

வளரே நர்ஸம்மாவுக்குப் போன் செய்தாள். "தொடறதுக்கு முன்னாடி கேக்கணும். அம்மா கூட இருக்கணும். யாராவது அடிச்சா எழுந்து வந்துடுவேன்."

"எழுதியே தரேன், வா" என்றாராம்.

மத்தியானம் அவரே வந்தார், அந்தத் தாளோடு. பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்பே போய்ப் படுத்துவிடுவதாகப் பேச்சு. 3 என்பதை அடித்து 4 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து கேட்டார். போட்டேன்.

யாழினி எட்டிப் பார்த்து, "ஆயா, ஒரு எழுத்து தப்பு."

யாரும் சிரிக்கவில்லை.

வளர் பையில் துணி அடுக்கினாள். என் பழைய புடவையும் ஒன்று. ஜிப்பை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

"அண்ணனாம்மா, அக்காவா?"

அண்ணன் என்றேன்.