ஈரல் நிறச் சமையல்கட்டு

3.10.2007, புதன்
தீபாவளிக்குள் சமையல்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணுமாம். பதினாறு வருஷத்துத் தாளிப்புப் புகை ஏறின சுவர். வெளிர் மஞ்சள் போதும் என்று சொன்னேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "உனக்கெதுக்கு தரணி அந்தக் கவலை? கலர் பாக்கறதுதானே என்ற தொழிலு" என்றார். சாயப்பட்டறைக்காரர் பெண்டாட்டிக்குக் கண் கிடையாது போல.

6.10
பெயிண்ட் கடைக்கு அவர் கொண்டுபோனது ஒரு பனியன் துணித் துண்டு. ஜெர்மனி ஆர்டரில் ஓடின நிறமாம், பெயர் 'வைன்'. கடையில் கம்ப்யூட்டரில் கலக்கிக் கொடுத்ததைப் பட்டறைக்கு எடுத்துப்போய், நிறம் பார்க்கிற லைட் பெட்டிக்குள் துணியோடு சேர்த்து வைத்து, அந்த ஊர்க் கடைகளில் எரிகிற லைட்டைப் போட்டுப் பார்த்து ஓகே பண்ணிவிட்டார். ஜெர்மனிக்காரனா வந்து இங்கே சமைக்கப்போகிறான்? வீரபாண்டியில் குண்டு பல்புக்குக் கீழே நிற்கிறவள் நான்.

9.10
அடித்தாயிற்று. ச்சீ.
பல்பைப் போட்டால் அப்படியே ஆட்டு ஈரல். நாலு பக்கமும் ஈரல். நடுவில் நான் தோசை வார்க்கிறேன். பட்டறைக்குப் பின்னால் ஓடுகிற கழிவுத் தண்ணி இந்த நிறத்தில்தான் போகும், நுரையோடு. அதைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இப்ப அதையே கொண்டாந்து என் செவுத்துல பூசியாச்சு!

10.10
சோறு இறங்கவில்லை.

12.10
வாயைத் திறந்து சொல்லிவிட்டேன், குமட்டுகிறது என்று. அவருக்குக் கோபம். "பொட்டியில கரெக்டா மேட்ச் ஆச்சு. ஊட்டு லைட்டுதான் செரியில்ல. செரி, டாப்பிங் போட்டுறலாம் உடு."
டாப்பிங் என்றால், தப்பாகப் போன துணி மேலேயே அதைவிட அடர்த்தியான சாயத்தை ஏற்றுவது. பட்டறையில் எந்தத் தப்பையும் கழுவ மாட்டார்கள், மேலே ஏற்றி ஏற்றி மறைப்பார்கள். கடைசியில் எல்லாம் கறுப்பு. என் சமையல்கட்டுக்கும் அதே வைத்தியம். நேவி புளூவாம்.

15.10
அழுகின கத்தரிக்காய். வேறென்ன சொல்ல? நீலத்துக்கு அடியில் சிவப்பு திட்டுத்திட்டாகத் தெரிகிறது.
பெயிண்டர் சீனிச்சாமி சாத்தூர்ப் பக்கத்து ஆள். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "யக்கா, எனக்கே பாக்கச் சகிக்கல. மொதலாளி சொல்லிட்டாரு, என்ன செய்ய?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அப்படித்தானே இருக்கிறேன்? ஹால் சோபா, பையன் ரித்தீஷுக்குப் பள்ளிக்கூடம், எனக்குக் கட்டுகிற சேலை, எல்லாம் வீட்டுக்காரர் ஓகே பண்ணினது. செரிங்க செரிங்கன்னு சொல்லியே வாய் புளிச்சுப்போச்சு. சுவரைவிட என் மேல்தான் அருவருப்பு.

18.10
சீனிச்சாமியிடம் சுரண்டுகிற தகட்டை வாங்கி ஸ்டூல் மேல் ஏறிவிட்டேன்.
"யக்கா, மொதலாளி வைவாரு!"
"வையட்டும். நீங்க மேல்பக்கம் சுரண்டுங்க."
வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தபோது பாதிச் சுவர் சிமெண்டாக நின்றது. எனக்கு மூக்கு, முடி, வாய் எல்லாம் நீலப்பொடி. சோறு ஆக்கவில்லை.
"ஏனுங்க, துணி வாங்கற பையர் வேண்டாமுன்னா அவனுக்கு என்ன பண்ணுவீங்க? திருப்பி சாம்பிள் காட்டுவீங்கல்ல? அவங்கிட்டப் போயி நீ லைட்டை மாத்துன்னா சொல்லுவீங்க? இங்க நிக்கறவ நானுங்க. நானுந்தான் பாக்கோணும்."
அவர் மறுபடி பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை. போகட்டும்.

20.10
அடுப்பு மேடையில் ஓர் அட்டை இருந்தது. காகிதத் துண்டுகளில் பெயிண்டைத் தடவி, ஏ, பி, சி என்று எழுதி ஒட்டியிருக்கிறார். பையருக்கு அனுப்புகிற மாதிரியே. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.
ஏ பூசணிக்காய்ச் சோறு. பி பால்குடிப் பிள்ளையின் வயிற்றுப்போக்கு. சி பரவாயில்லை, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான்.
மூன்றின் மேலும் 'ரிஜெக்ட்' என்று எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

22.10, திங்கள்
இரண்டாவது அட்டை. இந்தத் தடவை ஆறு துண்டு.
வாசலில் பைக் சாவியோடு நின்றுகொண்டு, "பாத்துட்டியா, புள்ள?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். மணி பத்து ஆகிறது.
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.