குடைக்காரனுக்கு என் ஓட்டு

செப்டம்பர் 9, செவ்வாய்

நூலகத்தில் பழைய படம் போடும் கூட்டத்துக்குப் போனேன். ரக்ஷாவும் வந்தாள். பேத்திக்குப் பாட்டி மேல் அவ்வளவு பாசமா? இல்லை. பள்ளிக்கூடத்தில் இருபது மணி நேரம் சேவை செய்ததாகக் கையெழுத்துக் காட்ட வேண்டுமாம். எனக்காக இங்கிலீஷ் பேசுவதும் சேவைதானாம்.

படம் எழுபது வருஷத்துக்கு முந்தியது. தலையணை கனத்தில் இருக்கும் ஒரு நாவலை வைத்து எடுத்தது. நாலரைக்கு முதியோர் வேன் கிளம்பிவிடும் என்பதால் வாரத்துக்கு ஒரு துண்டுதான். பாவாடை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு குடித்தனம் வைக்கலாம், அவ்வளவு அகலம். கதை என்னவென்றால், ஒரே பெண். அப்பா படுத்த படுக்கை. ஆண் வாரிசு இல்லாததால் வீடும் நிலமும் அத்தை மகனுக்குப் போகும். அவன் வெயிலிலும் குடையோடுதான் வருகிறான். பெண்ணைக் கேட்கிறான். இன்னொருவன் பட்டாளத்துக்காரன். குதிரையில் வந்து, பேசாமல் பார்த்துவிட்டுப் போகிறான்.

பெண் யாரைக் கட்டலாம் என்று நூலகத்து டயேன் கேட்டாள். எல்லாக் கையும் குதிரைக்காரனுக்கே. அத்தை மகனைப் பேசவே கூடாதாம், அருவருப்பாம். நான் எழுந்து நின்றேன்.

"அத்தை மகனுக்குத்தான் முதல் உரிமை. இதுல அருவருப்பு எங்க வந்துச்சு? நான் என் தாய்மாமனைத்தான் கட்டிக்கிட்டேன். அம்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணேன். சொல்லுடி."

ரக்ஷா ஏதோ நாலு வார்த்தை சொன்னாள். எல்லாரும் சிரித்துத் தலையாட்டினார்கள். நான் சொன்னதற்கு எதற்குச் சிரிப்பு?

பின்வரிசையில் நாகலக்ஷ்மி. எம்.ஏ. இங்கிலீஷ், சென்னையில் காலேஜ் வாத்தியாராக இருந்தவள். "பாட்டிக்கு பிஸ்கட் ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்றா உங்க பேத்தி" என்றாள். பிறகு தானே எழுந்து, நான் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

ஃபிராங்க் என்கிற கிழவர் பிஸ்கட்டைப் பாதி வாயில் வைத்தபடி அப்படியே இருந்தார்.

செப்டம்பர் 10

மருமகள் மானஸா வந்தாள். "ஏன் அத்தை, அதெல்லாம் அங்க போய் சொல்லணுமா? அவ ஃப்ரெண்ட் கிளேரோட பாட்டியும் அங்க வர்றாங்க. ஸ்கூல் ஃபுல்லா தெரிஞ்சிடும்னு ரக்ஷா அழறா."

என் பிள்ளை திருமூர்த்தி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தத் தாய்மாமன் பெற்ற பிள்ளைதானே இவனும், வாயைத் திறந்தால் என்ன?

நான் என்ன திருடிட்டா வந்தேன்? ஊரறிய மேளம் வச்சுக் கட்டின தாலி.

செப்டம்பர் 12

ரக்ஷா பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தனியாகப் போனேன். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று பயம்தான். ஆனாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

உட்கார்ந்ததும் ஃபிராங்க் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு வாரமாகத் தூக்கம் இல்லையாம். அப்படியானால் உங்கள் மாமியார் யார் என்று கேட்டார். நாகலக்ஷ்மி மூலமாகச் சொன்னேன்: "என் அம்மாவைப் பெத்த அம்மாச்சி."

டயேன் வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாக வரைய ஆரம்பித்தாள். என் அம்மா எனக்கு நாத்தனார். என் அப்பா என் புருஷனுக்கு அத்தான், மாமனாரும் அவர்தான். என் பிள்ளை எனக்கு மாமன் மகன். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிவப்பு மை தீர்ந்து பச்சை வந்தது. மாமியாரோடு சண்டை உண்டா என்று ஒரு அம்மா கேட்டாள். "உண்டு. ஆனா பொறந்ததுலேர்ந்து பழகின சண்டை" என்றேன். கை தட்டினார்கள்.

படம் பத்து நிமிஷம்தான் ஓடியது. யாரும் கவலைப்படவில்லை. பலகையை அழிக்காதீர்கள் என்று டயேன் எழுதி ஒட்டினாள். திரும்ப ஓட்டெடுப்பு: குடைக்காரனுக்குப் பதினொன்று, குதிரைக்கு ஏழு.

இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

செப்டம்பர் 19

கையெழுத்துக்கு இன்னும் பதினெட்டரை மணி பாக்கி இருக்கிறதாம். ரக்ஷா என் அறை வாசலில் நின்று, "ட்யூஸ்டே வர்றேன். பட் ஃபேமிலி மேட்டர் எதுவும் பேசக் கூடாது, ஓகே?" என்றாள். பத்து நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. ஓகே என்றேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

படத்தில் பெண்ணின் அப்பா போய்விட்டார். குடைக்காரன் சாவியைப் பெண் கையிலேயே கொடுத்து, என்னைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் நீ இங்கேயே இரு என்கிறான். அப்படியும் ஒரு ஆம்பிளை. ஃபிராங்க் மூக்கைச் சிந்தினார். இப்போது பதினெட்டு பேரும் குடைக்கட்சி. காகிதத்தில் குடை வெட்டிச் சட்டையில் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்குப் பெரிய குடை.

ரக்ஷா பலகை முன்னால் வெகுநேரம் நின்றாள். அடியில் அவள் பெயரும் ஒரு பெட்டியில் இருந்தது. "பாட்டி, நான் உன் கசினோட டாட்டரா?" என்றாள். கோபமா சிரிப்பா, தெரியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் புளியோதரை வரிசையில் நாகலக்ஷ்மி. "நாவல்ல அவ குதிரைக்காரனோட போயிடுவா. அதை நான் நாலு வருஷம் பாடமா நடத்தியிருக்கேன். செவ்வாய்க்கிழமை எந்த முகத்தோட உட்காருவீங்க?"

நான் ஐந்தாம் வகுப்பு. அவள் எம்.ஏ. அதற்காக இப்படியா முகத்துக்கு நேரே? காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா?

செப்டம்பர் 30, செவ்வாய்

போனேன்.

அவள் சொன்னபடிதான். விடிகாலை, குதிரை வாசலில் நிற்கிறது, பெண் படியில் ஓடி வருகிறாள். கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் முதுகில். போய்விட்டாள். விளக்கைப் போட்டதும் ஃபிராங்க் எழுந்து, இது மோசடி, படக் கம்பெனிக்கு எழுதப் போகிறேன் என்றார். படக் கம்பெனிக்காரர்கள் இன்னும் உயிரோடு இருப்பார்களா? பதினெட்டு காகிதக் குடையும் என் பக்கம் திரும்பின. நாகலக்ஷ்மியும் பார்த்தாள்.

அடங்காத பெண் என்று சொல்லத்தான் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். வாயில் வேறு வந்தது.

"போகட்டும். நல்லா இருக்கட்டும். உனக்கு யாரு வேணும்னு அவளை ரெண்டு பேர் கேட்டாங்க. என்னை ஒருத்தரும் கேட்கலை. பதினாறு வயசு. மாமனுக்குன்னு தொட்டில்லயே பேசி வச்சுட்டாங்க. என் மாமன் நல்ல மனுஷன், குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா ஒரு நாள் வாசல்ல ஒரு குதிரை வந்து நின்னிருந்தா, நானும் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

சொன்ன பிறகுதான் ரக்ஷாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவு வந்தது. அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை. நாகலக்ஷ்மி எழுந்து தொண்டையைச் செருமினாள்.

"ஆன்ட்டி, உட்காருங்க. இது என் ஜாப்" என்றாள் ரக்ஷா.

எழுந்து நின்று சொன்னாள். நான் பேசிய அளவுக்கு அவளும் பேசினாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, மறுபடி சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முழுசும் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. யாரும் சிரித்துத் தலையாட்டவில்லை.

அக்டோபர் 4

டெக்சஸ் இர்விங்கிலிருந்து மூத்தவன் சேனாபதி ஃபோன். குரலே சரியில்லை. "அம்மா, யாரும்மா அந்தக் குதிரைக்காரன்?"

நூலகத்திலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து டெக்சஸுக்கு. நாலே நாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று வேறு கேட்கிறான். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. குதிரையும் கிடையாது, ஆளும் கிடையாதுடா என்று சொல்ல வாயெடுத்தேன். ரக்ஷா ஃபோனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"பெரியப்பா, அது பாட்டியோட பர்சனல். அதெல்லாம் கேட்கக் கூடாது." வைத்துவிட்டாள்.

பிறகு என் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "என்கிட்ட மட்டும் சொல்லு பாட்டி. பேர் என்ன?" என்றாள்.

குதிரைக்கா ஆளுக்கா என்று கேட்டேன்.